தெசங்காவின் கம்பளித் துண்டு

"கிட்ட வா. இன்னிக்கு என்னத்தைப் பூசிக்கிட்டு வந்தே?"

ஆய்வகத்துக்குள் நுழையும் யாரையும் டாக்டர் தெசங்கா இப்படித்தான் வரவேற்பார். கழுத்தருகே மூக்கை நீட்டி முகர்வார். சென்ட் மணந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். அவருடைய கண்ணாடி அறையில் உட்கார்ந்து மூச்சு விடுகிறவர்கள் வாசனை சோப்புகூடப் போட்டிருக்கக் கூடாது. பெயிண்ட், தரைவிரிப்பு, தரை துடைக்கும் திரவம் என்று வீட்டுக்குள் புழங்கும் எதன் ஆவியையும் பக்கத்துப் பெட்டியிலிருந்து குழாய் வழியாக உள்ளே விடுவார். எப்போது விடுகிறார் என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. மூச்சு ஏறி இறங்குவது வெளியே திரையில் கோடாக ஓடும். "நல்லா மணக்குதான்னா கேட்டேன்? எரியுதா, இழுக்குதா, அதைச் சொல்லு" என்பார்.

இப்பேர்ப்பட்டவருக்குச் சன்னல் காற்று என்றால் நடுக்கம். எதிரெதிர் சன்னல்களைத் திறந்தால் ஊடே வரும் காற்று ஆளையே சாய்த்துவிடும் என்று நோவி சாத் நகரமே நம்புகிறது. அவர் மட்டும் விலக்கா? கோடையிலும் கழுத்தில் கம்பளித் துண்டு. பேருந்தில் சன்னலைத் திறப்பவரோடு சண்டை. "உங்க மெஷின்ல அது தெரியலியே, டாக்டரம்மா?" என்று மாணவர்கள் சீண்டினால், "சன்னல் காத்துல எங்கம்மாவுக்கு வாய் கோணினதை என் கண்ணால பார்த்தேன், போடா" என்று வாயை அடைத்துவிடுவார்.

இந்த மார்ச்சில் கணவர் மிலோயேவுக்கு இருமல் பிடித்தது. படுத்தால் நெஞ்சு விசிலடித்தது. ஓய்வுபெற்ற பின் தன் கையாலேயே செய்து, வார்னிஷ் அடித்து, படுக்கையறையில் மிலோயே நிறுத்தியிருந்த அலமாரிமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"சன்னல் காத்துதான். நல்லா மூடு" என்றார் மிலோயே. தெசங்காவும் மூடினார். இருமல் முற்றியது.

சன்னலை மூடியும் முற்றுகிறதே என்று தெசங்கா ஒரு நாள் வார்னிஷ் அடித்த அலமாரித் தட்டு ஒன்றை உருவிக்கொண்டு ஆய்வகம் போனார். "எப்பக் குழாயைத் திறக்கறேன்னு எங்கிட்ட சொல்லாதே" என்று சக ஊழியர் ரூஷித்சாவிடம் சொல்லி, தட்டைப் பக்கத்துப் பெட்டியில் வைக்கச் செய்துவிட்டு, தானே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார். வெளியே வந்தபோது கண்ணில் நீர் வழிந்தது. திரையில் கோடு பாதிக்குமேல் சுருங்கிக் கிடந்தது.

"அலமாரிதான், மிலோயே. அது வெளியே போகணும்" என்றார் வீடு திரும்பியதும்.

"என் கையால செஞ்சதுடி! காத்துன்னு நீயும்தானே சொன்னே?"

"சொன்னேன். தப்பு."

மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்த மிலோயேவை இருமல் மடக்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். தெசங்காவுக்கு அவர் மூச்சை நினைத்தும் பயம், காற்றை நினைத்தும் பயம். எழுந்துபோய்ப் படுக்கையறைச் சன்னலைத் திறந்தார். கூடத்தைத் தாண்டி எதிர்ச் சன்னலையும் திறந்தார். திரைச்சீலை உப்பி எழுந்தது. திரும்பி வந்து, தன் கழுத்திலிருந்த கம்பளித் துண்டை அவிழ்த்து மிலோயேவின் கழுத்தில் இறுக்கிச் சுற்றினார்.