ஓடிக்கொண்டிருந்த கேசட்

நானும் கணவரும் சின்னாளபட்டியில் தறி நெய்கிறோம். தறிக்காரர்களுக்குக் காதுதான் காவல். சத்தம் நிற்காதவரை தலை நிமிர மாட்டோம். உள்ளறையில் எட்டு வயது மகள் வயலின் பழகுவதையும் அப்படித்தான் கவனித்து வந்தேன்.

ஒரு சாயங்காலம் ‘டக்’ என்று வயலின் நின்றது. உள்ளே போனேன். மகள் இல்லை. அவளுடைய வாத்தியார் வாசித்துப் பதிந்து கொடுத்த கேசட்தான் இத்தனை நேரமும் டேப்ரெக்கார்டரில் ஓடி முடிந்திருக்கிறது. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. கிணற்றடியில் அவள் செருப்பு.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். இருட்டாக இருந்தது. “என்னங்க, பிள்ளையைக் காணோங்க” என்று கத்தினேன். அவர் தறியை விட்டு ஓடி வந்தார். தறி நின்ற பிறகுதான், கொல்லைக்கோடி ஆட்டுக்கொட்டகையிலிருந்து வயலின் மெல்லக் கேட்டது.

ஆட்டுக்குட்டி முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

“இங்க எதுக்குடி வந்த?”

“சத்தம் நின்னா நீ வைவன்னு டேப்பைப் போட்டேன். நான் வாசிச்சா இந்தக் குட்டி என்னையவே பாக்குதும்மா.”

இப்போது அவள் வயலினை எடுத்ததும் தறியை நிறுத்திவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். இருந்தும், நடுவில் அவள் வாசிப்பதை நிறுத்தினால் என் கண் கொல்லைக் கதவுக்குத்தான் போகிறது.