கட்டாருக்குப் போகாத தம்பி

குடியை விடுவதற்காகத் தம்பி தென்மராட்சியில், சாவகச்சேரிப் பக்கம் ஓர் இல்லத்தில் தங்கியிருந்த மாதங்களில், எங்கள் ஒழுங்கையில் குடியிருப்பவர்களைப் பொறுத்தவரை அவன் கட்டாரில் இருந்தான். கட்டாருக்கு அனுப்பி வைத்தது அம்மா. அவன் போன மறுநாள் மீன்காரரின் சைக்கிளைச் சுற்றி நின்றவர்களில் யாரோ, "எங்கை, மகனைக் காணேல்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவின் வாயில் சட்டென்று வந்தது கட்டார். யாழ்ப்பாணத்தில் ஒருவன் வெளிநாடு போய்விட்டான் என்றால் அதற்கு மேல் விசாரணை இல்லை. என்ன வேலை, ஆர் கூப்பிட்டது என்று கேட்டுவிட்டுத் தங்கள் பிள்ளைகளின் கதைக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவன் குடித்தது ஊருக்கே தெரியும். கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கை ஒன்றும் அவ்வளவு நீளமில்லை. அவன் சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்ததையும், தூக்கி வந்து விறாந்தையில் கிடத்தியதையும் எல்லாரும் பார்த்தவர்கள்தான். அப்போதெல்லாம் அம்மா இவ்வளவு வெட்கப்படவில்லை. "ஆம்பிளைப் பிள்ளை, கொஞ்சம் பாவிக்கிறான்" என்று முடித்துவிடுவார். மருந்தெடுக்கப் போனதுதான் அவருக்கு மானக்கேடாக இருந்தது.

"சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போறதை ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு போறீங்கள். இதுவும் ஒரு வருத்தம்தானே?" என்றேன்.

"உனக்கு விளங்காது" என்றார்.

எனக்கு நன்றாகவே விளங்கியது. அந்த வருத்தம் அவனுக்கு மட்டும் வரவில்லை. கேற் கிறீச்சிடும் சத்தத்தை வைத்தே அவன் எவ்வளவு குடித்திருக்கிறான் என்று அளக்கப் பழகியிருந்தேன். அவன் வீட்டில் இல்லாத மாதங்களிலும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பொழுது சாய்ந்தால் ஓரிடத்தில் இருக்க முடியாது. மடித்த உடுப்பை உதறி மறுபடி மடிப்பேன். நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், அங்கே நின்று என்னையே திட்டிக்கொள்வேன்.

அவனைக் கூட்டி வரப் போன அன்று, இல்லத்தில் இருந்த ஆலோசகர் அம்மாவைத் தனியாக அழைத்தார். "ஒளிக்காதேங்கோ அம்மா. பக்கத்திலை இருக்கிற ஆக்களுக்குத் தெரிஞ்சிருந்தால்தான் அவருக்கு லேசு" என்றார். அம்மா பவ்வியமாகத் தலையாட்டினார். ஓட்டோவில் ஏறியதும் பையைத் திறந்து சொக்கிலேற் பெட்டிகளை வெளியே எடுத்தார். வெளிநாட்டுச் சாமான் விற்கும் டவுண் கடையொன்றில் வாங்கியவை. கட்டாரில் இருந்து வருகிறவன் ஒழுங்கைக்குச் சொக்கிலேற் கொடுக்காமல் இருக்க முடியுமா? வழி நெடுக விலைச்சீட்டுகளை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார்.

"பிளேன் ஒண்டையும் வாடகைக்குப் பிடிச்சிருக்கலாம்" என்றேன்.

தம்பி சிரித்துவிட்டான். அவன் சிரித்து எவ்வளவு காலம். "விடு அக்கா. அம்மாவுக்கு ஒரு ஆறுதல்தானே. வெயில், மணல் எண்டு ரெண்டு கதை சொன்னால் காணும்."

அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினார், வாயைத் திறக்கக் கூடாதென்று. அவனுக்காகத்தான் கொடுத்தேன்.

வந்த பிறகு நான் பயந்தது அவனுடைய பழைய கூட்டாளிகளுக்கு. அவர்கள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்று பின்னேரம் வந்தது முன்வீட்டு அண்ணை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய்க்காலுக்குள் இருந்து தம்பியைத் தூக்கி வந்ததும் அவர்தான். கையில் ஒரு கறுப்புப் பை வைத்திருந்தார்.

"கறுத்துப் போனாயடாப்பா" என்று தம்பியின் தோளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். இல்லத்துத் தோட்டத்தில் வேலை செய்து தம்பி உண்மையாகவே கறுத்திருந்தான். "அங்கை சரியான வெயில் என்ன?"

"ஓம் அண்ணை. சரியான வெயில்."

"பாவம். நினைச்சவுடனை குடிக்கவும் ஏலாதாமே. என்ரை மருமகன் சொன்னவன். அதுதான் நீ வாறாய் எண்டு கேள்விப்பட்டவுடனை வாங்கி வைச்சனான்." பைக்குள் இருந்து சாராயப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

அவரை என்னால் நொந்துகொள்ள முடியவில்லை. தாகத்தோடு கிடந்து வந்த பிள்ளை என்று அன்பாகத்தான் வாங்கி வந்தார். அந்த வறண்ட நாட்டுக்கு அவனை அனுப்பியது நாங்கள்.

"அக்கா, ரெண்டு கிளாஸ் தாங்கோ" என்றார் அம்மாவிடம். அம்மா எழுந்து போய் எடுத்து வந்தார். அப்பா இருந்த காலத்திலிருந்தே, வந்தவர் கேட்டால் துடைத்து எடுத்துக் கொடுத்துப் பழகிய கை. நான் குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். போத்தலைத் தட்டிவிட்டால் என்ன என்றுகூட நினைத்தேன்.

"வேண்டாம் அண்ணை. வயிறு சரியில்லை."

"வயித்துக்கு இதுதான் மருந்து."

"களைப்பாக் கிடக்கு."

"களைப்புக்கும் இதுதான்." சிரித்துக்கொண்டே ஊற்றினார்.

கட்டாரில் இருந்து வந்தவன் சொல்லக்கூடிய காரணங்கள் அத்தோடு தீர்ந்துவிட்டன. மிச்சம் இருந்தது உண்மை ஒன்றுதான். அதைச் சொன்னால் அம்மா பொய்க்காரி ஆகிவிடுவார். தம்பி அம்மாவைப் பார்த்தான். அம்மா நிலத்தைப் பார்த்தார். அவன் கையை நீட்டிக் கிளாஸை எடுத்தான். அந்த முகத்தில் குடிக்கிற ஆசை இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. அம்மாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் அதைத் தூக்கினான். சத்தியமும் மண்ணாங்கட்டியும் என்று நான் வாயைத் திறந்தேன்.

"வை மோனை." அம்மா முந்திவிட்டார். "அவன் கட்டாருக்குப் போகேல்லை. குடியை விட மருந்தெடுத்துக்கொண்டு இஞ்சை சாவகச்சேரிப் பக்கம் இருந்தவன். நான்தான் பொய் சொன்னனான்."

முன்வீட்டு அண்ணை போத்தல் மூடியைத் தேடினார். அது மேசைக்குக் கீழே உருண்டு கிடந்தது. தம்பி கிளாஸை வைத்துவிட்டுக் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே அக்கா" என்றார். "நானே ஊத்திக் குடுத்திட்டனே." போத்தலைப் பைக்குள் வைத்துக் காலடிக்குத் தள்ளினார். பிறகு தேத்தண்ணி கேட்டார். நான் சீனி போட மறந்துவிட்டேன். எல்லாரும் அப்படியே குடித்தார்கள்.

இனி அம்மா கேற்றுக்கு வெளியே கால் வைக்க மாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலை தலை தோய்ந்து, நல்ல சேலை உடுத்தி, சொக்கிலேற் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலேயே போய்க் கேற்றில் நின்றேன். பக்கத்து வீட்டு வாசலில் பெட்டியைத் திறந்து நீட்டினார்.

"மகன் வந்திட்டான். எடுங்கோ."

"கட்டாரிலை இருந்து கொண்டு வந்ததோ?"

"இல்லை. டவுணிலை வாங்கினது. அவன் குடியை விட்டிட்டு வந்திருக்கிறான். அதுக்குத்தான்."