பதினோராவது ஆள்

ஆர்லிஸ் நுட்சனுக்கு வயது அறுபத்து மூன்று. இருபத்தாறு வருஷம் ஹோல்ம்வில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவள். இன்றைக்கு அந்த ஊரில் தாடி வைத்துக்கொண்டு திரிகிற ஆம்பிளைகளில் பாதிப் பேர் அவளிடம் காரட்டை மிச்சம் வைத்ததற்குத் திட்டு வாங்கினவர்கள்தான். அப்படிப்பட்டவளுக்கு, அந்தப் பிப்ரவரி மாதச் சாயங்காலம், அதே பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துக் கூடத்தில், எந்தப் பக்கம் போய் நிற்பது என்று தெரியவில்லை.

நிற்பது என்றால் நிஜமாகவே நிற்பதுதான். அமெரிக்காவின் இந்த அயோவா மாநிலத்தில் கட்சிக்கு ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது, ரகசியமும் கிடையாது. யாரைப் பிடிக்குமோ அவர் பெயர் ஒட்டிய மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை செல்லாது; அங்கிருந்து மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதியும் போக முடியாது. அதில் நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், இல்லையென்றால் குறைகிற ஆளை எங்கிருந்தாவது இழுத்து வரலாம். அதற்குக் கால் மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரன், பல் டாக்டர், தபால்காரி, கட்டின புருஷன் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நடந்து போக வேண்டும். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் கல்யாணம் ஆகாதவனாகத்தான் இருந்திருப்பான்.

ஆர்லிஸின் புருஷன் டெல்மர் விதைச்சோளம் விற்றவன். வாய் ஓயாது. ஆறு தேர்தலாக யாராவது ஒரு வேட்பாளருக்கு இந்த வட்டாரத்தில் ஆள் சேர்ப்பது அவன் வேலை. ஆறு தடவையும் தோற்கிற ஆளாகப் பார்த்துப் பிடிப்பான். ஆறு தடவையும் அவன் மூலை செல்லாமல் போனது. ஆறு தடவையும் ஆர்லிஸ் அவன் பக்கத்திலேயே நின்றாள்.

போன வசந்தத்தில் டெல்மருக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. கோடை முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பேசாமல் கிடந்தான். அவள் பயந்தே போனாள். அக்டோபரில், இந்தத் தடவை போட்டியிடுகிற செனட்டர் கோல்பர்னின் ஆட்கள் வந்து ஒரு வாக்காளர் பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு இரண்டாவது பன்றிக்கறித் துண்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பனி கொட்டினாலும் விடவில்லை.

"இந்த ஒரு தடவை, ஆர்லிஸ். நம்ம மூலையிலேருந்து ஒரே ஒரு பிரதிநிதி மாவட்ட மாநாட்டுக்குப் போயிட்டாப் போதும். அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"இதையேதான் முப்பத்தெட்டு வருஷமா சொல்லிட்டிருக்கே," என்று அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இது கிடைக்காவிட்டால் மறுபடியும் ஜன்னலோரம்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

இதற்கு நடுவில்தான் அந்த நூலகத்துச் சங்கதி நடந்தது. ஜனவரியில் ஆர்லிஸ் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனாள். உள்ளே கவர்னர் ரென்னர், இன்னொரு வேட்பாளர், பன்னிரண்டு பேருக்கு நடுவில் பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் நின்ற ஆர்லிஸைப் பார்த்து, "பள்ளிக்கூடச் சாப்பாட்டுல ஒண்ணை மாத்தலாம்னா நீங்க எதை மாத்துவீங்க?" என்று கேட்டாள். ஆர்லிஸ் புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அந்த அம்மாள் காத்திருந்தாள். கூட வந்தவன் கைக்கடிகாரத்தைக் காட்டியும் காத்திருந்தாள். சாப்பிட இருபது நிமிஷம் போதவில்லை, சின்னதுகள் பாதியில் கொட்டிவிட்டு ஓடுகின்றன என்று ஆர்லிஸ் ஒருவழியாகச் சொன்னாள். ரென்னர் அதை எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஆர்லிஸ் உருளைக்கிழங்கு உரித்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு கேள்வி கேட்டாள் என்பதற்காக ஒருத்தியை ஜனாதிபதியாக்கிவிட முடியுமா, இதென்ன பைத்தியக்காரத்தனம்! கோல்பர்னின் விவசாயத் திட்டம் நல்லது, டெல்மர் மூன்று தடவை விளக்கியிருக்கிறான். ஆனாலும் ராத்திரிப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த அம்மாளுக்கு இன்னும் என்னென்ன சொல்லியிருக்கலாம் என்றே மனசு ஓடியது.

கூட்டத்தன்று லவோன் என்கிற பல் டாக்டர் மனைவி தலைமை. "இன்னைக்கு அடிச்சுக்குங்க, நாளைக்குக் காலையில எல்லாரும் ஒரே கட்சி. ஞாபகம் இருக்கட்டும்!" என்று கூவினாள். போன தடவை இதைக் கேட்டுக் கைதட்டிவிட்டுப் போன இரண்டு சகோதரர்கள் ஈஸ்டர் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

எண்ணினார்கள். மொத்தம் எழுபது பேர். ரென்னருக்கு முப்பத்து நாலு, மூன்றாவது வேட்பாளர் மேயர் ஆஷ்பிக்கு இருபத்திரண்டு. எதிலும் சேராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் நாலு பேர். டெல்மர் மூலையில், ஆர்லிஸையும் சேர்த்து, பத்து. பதினொன்று வேண்டும்.

"ஒரே ஒரு ஆள்!" டெல்மர் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "மார்செல்லாகிட்ட நீ பேசு. நீ சொன்னா கேப்பா."

மார்செல்லா பதினெட்டு வருஷம் ஆர்லிஸோடு அதே அடுப்படியில் வெந்தவள். நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்து வாடி. டெல்மருக்கு ஒரு ஆள் குறையுது."

"உங்க கோல்பர்ன் டிவியில பேச ஆரம்பிச்சா என் பூனைகூட எழுந்து போயிடுது."

"பூனைக்கு ஓட்டு இல்ல. நீ வா."

"சரி, உனக்கு அந்தாளப் பிடிச்சிருக்கா? நெஜமாச் சொல்லு."

"டெல்மருக்குப் பிடிச்சிருக்கு."

"நான் அவனக் கேக்கலையே."

ஆர்லிஸுக்குக் கண் கலங்கியது. "எனக்கே தெரியலடி. தலை சுத்துது. கால இழுத்துக்கிட்டு ஊரெல்லாம் ஏறி இறங்கினான் அந்த மனுஷன். எனக்காக வாயேன்."

மார்செல்லா முனகிக்கொண்டே எழுந்தாள். "உனக்காகத்தான் வர்றேன். அந்த செனட்டருக்காக இல்ல, சொல்லிட்டேன்."

அவள் மூலைக்குள் காலை வைத்ததும் டெல்மர் தடியைத் தூக்கி, "பதினொண்ணு!" என்று கத்தினான். அவன் முகத்தைப் பார்த்து ஆர்லிஸுக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை சந்தோஷம்.

ஆர்லிஸ் அங்கேயே நின்றிருக்கலாம். நிற்காமல் போனதற்குக் காரணம் பலகாரத் தட்டு. இந்தக் கூட்டங்களில் ஒவ்வொரு மூலைக்காரர்களும் தின்பண்டத்தைக் காட்டித்தான் ஊசலாடுகிறவர்களை இழுப்பது. ஆர்லிஸ் பொரியும் வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் சேர்த்துச் செய்த பலகாரத்தைத் தட்டு நிறையத் துண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ரென்னர் ஆட்கள் அதை நைசாகத் தங்கள் பக்கம் இழுத்துப் போய்விட்டார்கள். எதிலும் சேராமல் மிச்சமிருந்த மூன்று பேரும் அங்கே நின்று அதைத்தான் மொக்கிக்கொண்டிருந்தார்கள். என் பலகாரத்தை வைத்து என் புருஷனுக்கு எதிராக ஆள் பிடிக்கிறீர்களா! ஆர்லிஸ் விடுவிடுவென்று கூடத்தைக் குறுக்கே கடந்து போனாள். தட்டில் கை வைத்தாள்.

லவோன் விசில் அடித்தாள். "நேரம் முடிஞ்சுது! அவங்கவங்க நிக்கிற எடத்துலயே நில்லுங்க!"

ரென்னர் மூலையில் எண்ணியவன் டாரில், வாத்தியார். அவனும் அவளிடம் காரட் சாப்பிட்டவன்தான். தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணி வந்தான். முப்பத்தாறு, முப்பத்தேழு. அவள் முன்னால் நின்றான்.

"மிஸஸ் நுட்சன், நீங்க... இங்கயா?"

இல்லப்பா, தட்டை எடுக்க வந்தேன். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதுதான் உண்மையும்கூட. ஆனால் கால் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்தது. இத்தனை வருஷத்தில் தன்னந்தனியாக ஒரு மூலைக்கு நடந்து வந்தது இதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது.

"எண்ணிக்கோப்பா," என்றாள். சொன்ன பிறகுதான் பயந்தாள்.

எதிர்மூலையில் டெல்மர் தடியை நீட்டி நீட்டி எண்ணினான். பத்து. மறுபடி எண்ணினான். பத்து. "ஆர்லிஸ் எங்க? பாத்ரூம் போயிருப்பா. லவோன், கொஞ்சம் இரு, என் பொண்டாட்டி வந்துருவா!"

கூடத்தில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், அவனைத் தவிர. ஒருத்தரும் சிரிக்கவில்லை. மார்செல்லாதான் கடைசியில் முகவாயால் காட்டினாள். டெல்மர் திரும்பினான்.

"கோல்பர்ன், பத்து. செல்லாது. இந்த மூலைக்காரங்க மட்டும் வேற மூலைக்குப் போகலாம்," என்று லவோன் மெதுவாகச் சொன்னாள்.

மூலை கலைந்தது. மார்செல்லா நாற்காலிக்கே திரும்பிப் போனாள். மற்றவர்கள் ஆஷ்பியிடம் போனார்கள். டெல்மர் எங்கும் போகவில்லை. மேல்கோட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்விட்டான். லவோன் ஒற்றுமையைப் பற்றி மறுபடி பேசினாள். மாவட்ட மாநாட்டுக்கு ரென்னர் பக்கத்திலிருந்து யார் போவது என்று கேட்டபோது, சனிக்கிழமையைக் கெடுத்துக்கொள்ள ஒருத்தரும் கை தூக்கவில்லை. டாரில் ஆர்லிஸின் பெயரைச் சொன்னான். வேண்டாம் என்று சொல்லத் தோன்றாமல் அவள் கையெழுத்துப் போட்டாள். டெல்மர் ஆறு தேர்தலாகக் கேட்டுக் கிடைக்காத பிரதிநிதிக் காகிதம் அவள் கைப்பையில் இருந்தது.

வெளியே வண்டி உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே சூடு போட்டு வைத்திருந்தான். அவள் ஏறித் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் வண்டியை எடுக்கவில்லை.

"நூலகத்துல நீ அந்தம்மாவப் பாத்ததா ஊர்ல சொன்னாங்க. உங்கிட்ட அப்படி என்னதான் சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டா."

டெல்மர் கண்ணாடியில் விழுகிற பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப, முன்னாடி ஆறு தடவை நின்னியே? அதெல்லாம் யாருக்கு?"

ஆர்லிஸ் அந்த ஆறு பேரையும் நினைத்துப் பார்த்தாள். ஒருத்தர் முகமும் ஒழுங்காக வரவில்லை. பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்ற டெல்மரின் தோள்தான் ஞாபகம் வந்தது. பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"அவங்க யாருக்கும் இல்ல. உனக்குத்தான் நின்னேன்."

"அப்ப என் பேச்சக் கேட்டு என் வீட்டு ஓட்டுகூட எனக்கு விழுந்ததில்ல." அவன் உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தான். "ஊர்ல ஒரு கதவு விடாம தட்டினேன். உன்ன ஒரு வார்த்தை கேக்கலையே, ஆர்லிஸ்."

அவன் திட்டுகிறானா, வருத்தப்படுகிறானா என்று அவளுக்கு விளங்கவில்லை. "எம்மேல கோவமா?" என்று கேட்டாள்.

டெல்மர் அவள் மடியிலிருந்த தட்டைப் பார்த்தான்.

"தெரியல," என்றான். முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை.