யார் என்று சொல்லிவிட்டு வாருங்கள்

அக்காவின் முதலாண்டுத் திதிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேர் அக்கா நடிக்கிறார் என்று சொன்னவர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பாதியில் நானும் ஒருத்தி. இப்படிப்பட்ட மலரில் நல்லதை மட்டும் எழுதுவதுதான் வழக்கம். அக்கா இருந்து கேட்டிருந்தால், "பொய்ய அச்சடிச்சுக் குடுக்காதடி, பேப்பருக்குக் கேடு" என்றிருப்பார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பதுளைப் பக்கம் லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில். நாங்கள் இரண்டே பெண்கள். அப்பா தவறியபோது அக்காவுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பத்து. மறு மாதமே அக்கா தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனார். நான் பதுளையில் படித்ததும், அங்கேயே ஒரு கடைக்காரர் வீட்டுக்கு மருமகளாகப் போனதும் அவர் கூடை சுமந்ததால்தான். இதை ஊராரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அக்காவைக் கட்டிய அத்தான் அதே தோட்டத்தின் தேயிலை ஃபெக்டரியில் வேலை பார்த்தார். அவர்களுக்கு ஒரே மகன்.

நாற்பதைத் தாண்டியதும் அக்காவுக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது. முதலில் மாத்திரை, பிறகு தினமும் ஊசி, அதற்குப் பிறகு கண்ணில் கோளாறு. கண் ஒரேயடியாகப் போய்விட்டால் ஊருக்குப் புரியும். கறுப்புக் கண்ணாடி, கைத்தடி, ஐயோ பாவம் எல்லாம் தயாராக இருக்கும். அக்காவுக்குக் கண் போகவில்லை. போய்ப் போய் வந்தது. காலையில் அரிசியில் கல் பொறுக்குவார், மத்தியானம் எதிரில் நிற்பவரின் முகம் மூக்கும் முழியும் இல்லாமல் தெரியும். சீனி ஏறினாலும் மங்கும், இறங்கினாலும் மங்கும். சில வாரங்கள் கண்ணுக்குள்ளே இரத்தம் கசிந்து கறுப்பு நூல் நூலாக மிதக்கும். லேசர் பிடித்தால் கொஞ்ச நாள் தெளியும். பதுளை கிளினிக்கில் டொக்டர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். லயத்தில் யார் யாருக்கு விளக்குவது?

"அப்புத்தளை ரோட்டுல பனி எறங்குனா பஸ்காரன் நிப்பாட்டுறான். வெளுத்த பொறகு ஓட்டுறான். அவன் நடிக்கிறான்னு யாராச்சும் சொல்றீங்களா?" என்று அக்கா கேட்பார். பஸ்காரனை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அக்காவை நம்பவும் மாட்டார்கள்.

ஒரு நாள் மலையில் கங்காணி அவருடைய கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "நேத்து அவ்வளவு சுத்தமா எடுத்தியேம்மா, இன்னைக்கு என்ன ஒரே முத்தலா கெடக்கு? வேணும்னே செய்றியா?" என்று சத்தம் போட்டார். "கண்ணு நேத்து வேலைக்கு வந்துச்சுங்க. இன்னைக்குக் காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்கே வரலைங்க. பேரு வெட்டுறதுன்னா அதுக்கு வெட்டுங்க" என்றார் அக்கா. மலையே சிரித்தது. கங்காணியும் சிரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பக்கத்து நிரைப் பெண்கள் இருவர் அக்காவை நடுவில் விட்டுக்கொண்டு, முத்தல் இலையைப் பேச்சுக் கொடுத்தபடியே பொறுக்கி வீசினார்கள். அவர்கள் ஒரு நாளும் அவரைச் சந்தேகப்பட்டதில்லை என்பதை இங்கே எழுதியே ஆகவேண்டும்.

பார்வைக் குறைவுக்கான உதவிப் பணத்துக்கு ஒரு அரசாங்கக் கந்தோரில் விண்ணப்பித்தோம். போன நாள் பார்த்து அக்காவுக்குக் கண் பளிச்சென்று இருந்தது. சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். வெளியே வந்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். "தெரியுறப்ப தெரியலன்னு சொல்லமாட்டேன். தெரியாதப்ப தெரியுதுன்னும் சொல்லமாட்டேன். எழுதுறவங்க எப்புடியோ எழுதிக்கட்டும்" என்றார். சில நாள் தெரியும், சில நாள் தெரியாது என்று எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மகளின் கல்யாணம் பதுளையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெரியம்மா என்ற முறையில் வாசலில் சந்தனத் தட்டோடு நின்று வருபவர்களை வரவேற்பது அக்காவின் உரிமை. எங்கள் பக்கத்தில் தாலி ஏறும்வரை மூத்த பெண்கள் வாயில் எதுவும் வைப்பதில்லை. "ஊசி போட்டுட்டேன்டி, ரெண்டு இட்டலியாச்சும் சாப்பிட்டுக்கிறேன்" என்று அக்கா கேட்டார். சம்பந்தி வீட்டார் ஏதாவது சொல்வார்களே என்று நான்தான் தடுத்தேன். "ஒரு நாள்தானக்கா" என்றேன். விடியற்காலையில் மகளின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்தார். ஊசியில் நூலை அவரே கோத்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது சம்பந்தியம்மா அக்காவுக்கு நேர் எதிரே வந்து நின்றார். அக்கா பேசாமல் நின்றார். சம்பந்தியம்மா முகம் சிவந்து என்னிடம் வந்தார். "சுவத்தைப் பாக்குற மாதிரி என்னையப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. வாங்கன்னு ஒரு வார்த்தை வரல. அவங்க வந்து மன்னிப்புக் கேக்காம நான் பந்தியில உக்கார மாட்டேன்."

நான் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். நூறு பேர் நிற்கும் வாசலில், "விடிய ஊசியில நூல் கோத்த. இப்ப ஆளு தெரியலையா? நடிக்காதக்கா. உள்ள போய் உக்காரு" என்றேன்.

அக்காவுக்குக் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. ஊசி போட்டுச் சாப்பிடாததால் சீனி இறங்கிவிட்டது என்பது, அவருடைய கிளினிக் கொப்பியில் எழுதியிருந்த அறிகுறிகளைப் படித்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். "தப்பு செஞ்சிருந்தா கால்லயும் விழுவேன். பார்வை இல்லாததுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டேன். இந்த வாசலை விட்டும் போகமாட்டேன், பெரியம்மா நான்" என்றார். தட்டிலிருந்த கற்கண்டை ஒரு பிடி அள்ளி எல்லோருக்கும் முன்னால் வாயில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு எதிரில் நிழல் ஆடினாலே "வாங்க, வாங்க" என்றார். சாம்பார் வாளி தூக்கியவரை வாங்க என்றார். படம் பிடிப்பவரை மூன்று தரம் வரவேற்றார். வாசலில் கட்டியிருந்த வாழைமரத்துக்கும் ஒரு வாங்க கிடைத்தது. அவமானத்தில் நான் செத்துக்கொண்டிருந்தேன். அவர் தாலி ஏறும்வரை நின்றார்.

சம்பந்தியம்மா சாப்பிடாமல் போனார். நான் அக்காவோடு பேச்சை நிறுத்தினேன். ஒரு வருடம்.

அந்த ஒரு வருடமும் அக்கா மாதாமாதம் பதுளை கிளினிக்குக்கு வந்தார், என் வீட்டைத் தாண்டித்தான் போனார். வருடக் கடைசியில் ஒரு நாள் கேட்டைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். நான் கதவருகே நின்றேன். எங்களுக்கு நடுவே நாலு எட்டுத்தான் இருக்கும். வீம்பில் நான் வாய் திறக்கவில்லை. அக்கா என் முகத்தை நேராகப் பார்த்து, "அம்மா, என் தங்கச்சி இருக்காளா?" என்று கேட்டார். "அவ அக்கா வந்திருக்கேன்னு சொல்லுங்கம்மா. இல்லன்னு அவ சொல்லச் சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. அடுத்த கிளினிக்குக்கு வர்றேன்."

நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை, திட்டினார். "மரம் மாதிரி நின்னா எனக்கு எப்புடித் தெரியும்? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? இனிமே எங்கிட்ட வர்றவங்க யாருன்னு சொல்லிட்டு வரணும். நான் ஏன் தடவித் தடவி முழிக்கணும்?"

அன்றைக்கு அவர் போட்ட சட்டம் அது. லயத்தில், மலையில், கோயிலில், எல்லாரும் யார் என்று சொல்லிக்கொண்டே அவரிடம் போனார்கள். சொல்லாதவர்களை வாழைமரம் என்றார். நான் சம்பந்தியம்மாவிடம் போய், அக்காவைப் பட்டினி போட்டது நான்தான் என்று சொன்னேன். அந்தத் தீபாவளிக்கு அவரே லுணுகலைக்குப் போய் லயத்து வாசலில் நின்று, "சம்பந்தி வந்திருக்கேன்" என்றார். "வாங்க சம்பந்தி! அன்னைக்கே இப்புடிச் சொல்லியிருந்தா ஒரு வருசம் மிச்சமாயிருக்குமே" என்றார் அக்கா.

கடைசியில் அதே வருத்தம் சிறுநீரகத்தையும் பிடித்தது. போவதற்கு இரண்டு நாள் முன்பு காலையில் கண் நன்றாகத் தெளிந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னடி, தலைக்கு மை பூசுறத விட்டுட்டியா?" என்றார். அதுதான் அவர் என்னைக் கடைசியாகப் பார்த்தது. எனக்கு அது போதும்.

இரவு பகல் பாராமல் ஊசி போட்டுவிட்ட அத்தானுக்கும், கிளினிக்குக்கு அழைத்துப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், பெயர் சொல்லி அன்பாகக் கூப்பிட்ட தாதிமாருக்கும், நிரையில் இருபக்கமும் நின்ற அந்த இரண்டு பெண்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சீனி வருத்தக்காரர் உங்கள் வீட்டிலும் இருப்பார். இன்றைக்குத் தெரியவில்லை என்று அவர் சொன்னால் நம்புங்கள். நேற்று தெரிந்ததே என்று சாட்சி தேடாதீர்கள். விரதம் என்று பட்டினி போடாதீர்கள்.

இன்று படத்துக்கு முன்னால் வாய் மூடி நிற்க வேண்டாம். பூப்போடுமுன் யார் என்று சொல்லுங்கள். நடிக்கிறார் என்றவர்களும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அக்கா எல்லாரையும் வாங்க என்றவர்தான். முதலில் நான் சொல்கிறேன்.

அக்கா, நான்தான். உன் தங்கச்சி இருக்கேன்.