இரண்டு பை மண்

மனு பெற்ற முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அதை அலுவலகங்களுக்கு நினைவூட்டியே நான் ஓய்வு பெற்றேன்.

கம்பத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் கத்தரி போட்டிருந்த அந்த அம்மாளைக் கார்த்திகைக் கடைசியில் மண் பரிசோதனை நிலையத்தில் சந்தித்தேன். கைகள் முழங்கை வரை கறுத்திருந்தன. எதிரே யார் வந்தாலும் ஒரு பிடி உரத்தை மூக்கருகே நீட்டுவார்.

"மோந்து பாருங்கய்யா, நாறுதா? வாழைத்தண்டும் சருகும் மக்குனது. குப்பையக் கொட்டி மண்ணக் கெடுத்துட்டேன்னு நெலத்துக்காரக சொல்றாக. பொங்கலுக்குள்ள ரிப்போர்ட்டக் காட்டலேன்னா குத்தகை போச்சு."

உரமிட்ட பாத்தியிலிருந்து ஒரு பை மண்ணும், இடாத பாத்தியிலிருந்து ஒரு பை மண்ணும் கொண்டு வந்திருந்தார். ஊழியர் இரண்டையும் ஒரே தட்டில் கொட்டிக் கலந்தார்.

"ஒரு பேருக்கு ஒரு மாதிரிதாம்மா."

"அடப்பாவி! சாம்பாரையும் பாயசத்தையும் ஒண்ணா ஊத்தித்தான் ருசி பாப்பியா?"

தனித்தனியே சோதிக்கக் கோரி அங்கேயே மனு எழுதி, ஒப்புகைச் சீட்டும் வாங்கினேன். மறுநாளே அந்த அம்மாள் புதிதாக இரண்டு பை மண் கொடுத்தார்.

பொங்கல் போயிற்று, நிலமும் போயிற்று. கிளம்பும்போது மிச்சமிருந்த உரக் குவியலையும் அந்த நிலத்திலேயே இறைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவுக மேல உள்ள கோவத்துக்கு மண்ணு என்னய்யா பண்ணும்?" என்றார்.

ஊழியரை ஏசிய அதே வாய்தானா என்று இன்றும் யோசிக்கிறேன்.

'உரமிட்ட மண் நல்ல வளத்துடன் உள்ளது. இம்முறையைத் தொடரவும்' என்று பதில் வந்த நாள், மாசி பத்தாம் தேதி.