உள்ளூர்க்காரனுக்கு ரூம் இல்லை

நெல்லித்தோப்பில் எங்கள் பக்கத்து வீட்டில் கல்யாணம். ஸ்பீக்கர் சத்தத்தில் எங்கள் சுவரே அதிர்ந்தது. மறுநாள் மகளுக்குப் பொதுத்தேர்வு. ரயில் நிலையம் அருகே சத்தமில்லாத, வாடகை குறைந்த லாட்ஜ் ஒன்றைத் தேடிப் பிடித்து, மாலையிலேயே அவளை அழைத்துப் போனேன்.

மேனேஜர் என் ஆதாரைப் பார்த்தார். “லோக்கல் அட்ரஸுக்கு ரூம் குடுக்கறதில்ல சார்.”

“எம் பொண்ணு பரீட்சைக்குப் படிக்கணும்ங்க.”

அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வர்றவங்க எல்லாரும் பொண்ணுன்னுதான் சார் சொல்றாங்க.”

மகள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள். “வாப்பா, ஸ்டேஷன்லயே படிச்சிக்கிறேன்.”

ரயில் போய்விட்ட பிளாட்பாரம் அமைதியாக இருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்தாள். நான் என்னை அறியாமல் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

“ஏம்பா அங்க போய் உக்காந்துட்ட?” என்றாள்.