முந்தைய சாம்பிளின் மிச்சம்

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தை நினைத்தால் முதலில் வருவது மெத்தனால் வாசனைதான். விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் போய்ச் சேர்ந்ததும், கைப்பையை வைக்கும் முன்பே சாம்பிளில் உள்ளதைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராபி கருவியின் பம்ப் அழுத்தத்தைப் பார்ப்பேன். கோட்டக்குப்பத்திலிருந்து வரும் என் சக ஊழியை அதற்குள் கரைப்பான் பாட்டில்களை நிரப்பியிருப்பாள். இப்போது அவள் கணவரோடு வளைகுடாவில் இருக்கிறாள். மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் முக்கிய வேலை.

ஓர் ஐப்பசியில், அனந்தபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் கொண்டுவந்த பருப்பில் நஞ்சின் அளவு வரம்பைச் சற்றே தாண்டியது. மூட்டைகளோடு மினி லாரி வாசலில் நின்றது. அறிக்கை சரியாக வந்தால்தான் ஏற்றுமதி வியாபாரி எடுப்பார். இல்லையென்றால் மொத்தமும் திரும்ப வேண்டியதுதான்.

"என்னாங்க மேடம் இது? மழைக்கு முன்னாடியே புடுங்கி, களத்துல நல்லா காய வச்ச மல்லாட்டைங்க!" என்றார்.

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவருடையதற்கு முன்னால் ஓட்டியது நனைந்து கறுத்த சாம்பிள். அதன் மிச்சமோ என்று, வெறும் கரைப்பானை மட்டும் செலுத்திப் பார்த்தேன். நேர்கோடாக ஓடவேண்டிய வரைபடத்தில், நஞ்சு தெரியும் அதே இடத்தில் ஒரு சின்ன முகடு எழுந்தது.

பக்கத்தில் நின்ற கோட்டக்குப்பத்துக்காரியின் முகம் வாடிவிட்டது. "யக்கா, காலைல நான்தானே கலக்கினேன். கரைப்பானே கெட்டுப்போச்சா?"

"கெட்டிருந்தா ஒவ்வொரு வாட்டியும் அதே உசரத்துல வரும். பழைய மிச்சம்னா தேஞ்சுக்கினே போவும். பாப்போம், இரு."

இரண்டாம் முறை முகடு பாதியானது. மூன்றாம் முறை தேடித்தான் கண்டுபிடித்தோம்.

"முன்னாடி தின்னதுக்கு இப்ப ஏப்பம் வுட்டுக்கினு இருக்குதுக்கா இந்த மெஷினு!" என்று சிரித்தாள்.

சாம்பிளைச் செலுத்தும் பகுதியைக் கழற்றினால், உள்ளே கசிவைத் தடுக்கும் சீலில் ஒரு கீறல். மிச்சம் அங்கேதான் தங்கியிருந்தது. புது சீல் போட்டு, வீரியமான கரைப்பானால் கழுவி, வெறும் கரைப்பானை மறுபடி ஓட்டினோம். கோடு தட்டையாக வந்தது. பிறகு அவருடைய பருப்பைப் புதிதாக அரைத்துப் போட்டோம்.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "ஜல்தி பாருங்க மேடம், அந்தாளு என்னை வுட்டுட்டுப் பூடுவான்," என்று கண்ணாடிக் கதவருகே விவசாயி தவித்தார்.

நஞ்சு தெரியும் அந்த இடத்தைக் கோடு அலுங்காமல் கடந்தது. நஞ்சு இல்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் லாரிக்குப் போய், ஒரு மூட்டையைப் பிரித்து, இரண்டு கை நிறைய மல்லாட்டை அள்ளிவந்து மேசையில் வைத்தார்.

எத்தனையோ பூஞ்சையைப் பார்த்துவிட்டு, நாங்கள் இருவருமே மல்லாட்டை தின்பதை விட்டிருந்தோம். அவள் ஒன்றை உடைத்து, பழக்கத்தில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, வாயில் போட்டாள். நானும் போட்டேன். லாரி கிளம்புவதைப் பார்க்க வாசலுக்கு வந்தவர்கள், அது போன பிறகும் அங்கேயே நின்று உரித்துக்கொண்டிருந்தோம்.